வலது முன்னங்கால்

நான் கை வைத்துப் பார்த்தால் பார்த்ததுதான் என்று எங்கள் லாயத்தில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே நான்தான். அதனால் இதை எழுத உட்காரும்போது வெட்கமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் அதைவிட மோசமாக இருக்கும் போலிருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

லாயம் வல்லக்கோட்டைக்குப் பின்னால், ஏரிக்கரையை ஒட்டி இருக்கிறது. கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றும் பேருந்துகள் ஓட்டும் ஒரு அண்ணன், வண்டி நிறுத்த வாங்கிப்போட்ட இடத்தில் பாதியைக் கம்பி வேலி கட்டிக் குதிரைக்கு ஒதுக்கிவிட்டார். இரண்டு குதிரைகள். ஒன்று செவலைப் பெண் குதிரை, இன்னொன்று வெள்ளை ஆண் குதிரை. நான் அங்கே முதலில் போனது புல் போட. கழனியில் விற்காமல் மிச்சமிருந்த துண்டில் அம்மா தீவனப் புல் வளர்த்தாள். அதை மொபெட்டில் கட்டிக்கொண்டு போய் இறக்கிவிட்டு வருவது என் வேலை. இறக்கிவிட்டுப் பேசாமல் திரும்பியிருக்கலாம். செவலை என் தோளில் மூக்கை வைத்து ஒரு ஊது ஊதினாள், அவ்வளவுதான், மாட்டிக்கொண்டேன். நாலு வருடமாக, ஒரகடத்தில் கார் சீட் செய்யும் தொழிற்சாலையில் ஷிப்ட் போக மிச்ச நேரமெல்லாம் அங்கேதான். வீட்டில் எனக்குக் குதிரைக்கு வாக்கப்பட்டவள் என்று பேர்.

அண்ணனுக்கு நெடுந்தூரச் சவாரி என்றால் பைத்தியம். அவரைப் போலக் குதிரை வைத்திருக்கும் நாலைந்து பேர் சேர்ந்து, வருடத்தில் இரண்டு மூன்று முறை, சனி ஞாயிறு இரண்டு நாள் தொடர்ந்து ஓட்டுவார்கள். ஏரிக்கரை, வண்டிப்பாதை, நடுநடுவே வேறு வழியில்லாமல் தார்ச்சாலை. கன்டெய்னர் லாரிகள் பெருகுவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்று விடியும் முன்பே கிளம்புவார்கள். ஒரு நாளைக்கு நாற்பது கிலோமீட்டர். திரும்பி வந்த பிறகு குதிரை என் கைக்கு வரும்.

வந்ததும் தண்ணீர் காட்டி, மூச்சு அடங்கும்வரை நடத்த வேண்டும். குளம்பில் சிக்கிய கல்லை எடுக்க வேண்டும். அப்புறம் குளம்பிலிருந்து மேலே முழங்கால் வரைக்கும் குளிர்ந்த தண்ணீரைக் குழாயில் பீய்ச்ச வேண்டும், ஒரு காலுக்கு ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல். அதன்பிறகுதான் முக்கியமான வேலை. முழங்காலுக்குக் கீழே, எலும்புக்குப் பின்பக்கம், விரல் தடிமனில் ஒரு நரம்பு ஓடுகிறது. குதிரைகளைப் பார்க்க வரும் கால்நடை டாக்டர் அதை டெண்டன் என்பார். புறங்கையை வைத்து அதில் சூடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு விரலால் மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வந்தால் எங்காவது வீங்கியிருப்பது தெரியும், வலித்தால் காலை வெடுக்கென்று இழுப்பாள். இடது காலையும் வலது காலையும் மாற்றி மாற்றித் தொட்டு ஒப்பிட வேண்டும். எல்லாம் சரியென்றால் ஏரிக் களிமண்ணைக் குழைத்து அப்பி, மேலே ஈரக் காகிதம் சுற்றி, எங்கள் கம்பெனி ஸ்கிராப்பில் வாங்கி வந்த ஸ்பாஞ்சைச் சுற்றி, கட்டுப் போட வேண்டும்.

அந்த நரம்பில் நாலு இழை அறுந்திருந்தாலும் வெளியே பெரிதாகத் தெரியாது. அது தெரியாமல் மறுநாளும் ஓட்டினால் மொத்தமாகப் பிய்ந்துவிடும். பிய்ந்தது ஒட்டும், ஆனால் பழைய நரம்பாக ஒட்டாது. அந்தக் குதிரை நிற்கலாம், நடக்கலாம், வாழ்நாளுக்கும் ஓட முடியாது. ஓடத் தெரிந்த ஒன்றை ஓடாமல் நிறுத்தி வைத்துத் தீனி போடும் கொடுமையைப் பக்கத்துப் பண்ணை ஒன்றில் பார்த்திருக்கிறேன். அதன் முகத்தை இரண்டாவது முறை பார்க்க எனக்குத் துணிவில்லை.

இப்போது ஒரு மஞ்சள் மார்க்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் நான் கடைசிச் சோதனையில் நிற்பவள். சீட்டின் அடியில் இருக்கும் போல்ட் ஒவ்வொன்றையும் டார்க் ரெஞ்சால் திருப்பிப் பார்ப்பேன். ‘க்ளிக்’ என்று சத்தம் வந்தால் போதுமான இறுக்கம். உடனே மஞ்சள் பெயின்ட் பேனாவால் அதன் மேல் ஒரு கோடு. அந்தக் கோடு விழுந்துவிட்டால் அடுத்தவர் யாரும் அதைத் தொட மாட்டார்கள், தொடவும் கூடாது. பார்க்காமல் கோடு போடுவதுதான் எங்கள் லைனில் பெரிய பாவம். அப்படி இரண்டு கோடு போட்ட ஒருத்தியைப் போன வருடம் நானே சூப்பர்வைசரிடம் காட்டிக்கொடுத்தேன். கழிப்பறையில் அழுதுகொண்டு நின்றவளிடம் போய், “கை ஓடறதுக்கு முன்னாடி புத்தி ஓடணும்” என்று வேறு சொல்லிவிட்டு வந்தேன். அவ்வளவு திமிர் எனக்கு.

லாயத்தில் ஆரம்பத்தில் ஒரே குழப்பமாக இருக்கும். ஒரே காலை நாலு பேர் தொட்டுப் பார்ப்பார்கள், இன்னொன்றை ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். எனக்கு இது பொறுக்கவில்லை. ஒரு பழைய மஞ்சள் பேனாவைக் கொண்டுவந்து, பார்த்து முடித்த காலின் குளம்பில் ஒரு கோடு போட்டேன். அண்ணன் அசந்துபோய்விட்டார். அதிலிருந்து அவர் குதிரைக் காலைத் தொடுவதையே விட்டுவிட்டார். கோடு இருக்கிறதா என்று மட்டும் குனிந்து பார்ப்பார். மறுநாள் ஓட்டலாமா என்று பார்க்கச் சாயங்காலம் வரும் டாக்டரிடமும், “மார்க் இருந்தா கண்ண மூடிக்கினு போலாம் டாக்டர்” என்பார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிடும்.

நான் சொல்ல வந்த சனிக்கிழமை, செவலையும் வெள்ளையும் திரும்பி வந்தபோது மணி பத்தாகிவிட்டது. ஏரிக்கரையில் ஒரு இடத்தில் லாரியில் மண் கொட்டுகிறார்கள் என்று தார்ச்சாலையில் நெடுந்தூரம் சுற்றி வந்திருந்தார்கள். வெள்ளையை ஓட்டியவர் அண்ணனின் கூட்டாளி. அவர் இறங்கியதும் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு இரண்டு மணி ஷிப்ட். கோயில் வளைவில் ஒன்றே காலுக்குக் கம்பெனி பஸ். இரண்டு குதிரை, எட்டுக் கால். வெள்ளையை முடித்துவிட்டுச் செவலைக்கு வரும்போது பதினொன்றே முக்கால். குளித்துச் சாப்பிட்டுக் கிளம்பவும் நேரம் வேண்டும் என்று தலைக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது.

இடது முன்னங்கால் பார்த்தேன். இடது பின்னங்கால், வலது பின்னங்கால். சுற்றிக்கொண்டு வலது முன்னங்காலுக்கு வந்து குந்தினேன். அந்த நேரம் பார்த்துச் சாலையில் ஒரு கன்டெய்னர்க்காரன் காற்று ஹாரனை அடித்தான். வெள்ளை மிரண்டு, கயிற்றை உருவிக்கொண்டு வேலிப் பக்கம் ஓடிவிட்டது. அதைப் பிடித்து, பேசிச் சமாதானப்படுத்தி, கட்டிவிட்டு வர கால் மணி நேரம் போனது. திரும்பி வந்து களிமண் சட்டியைக் கையில் எடுத்தேன். நாலு காலுக்கும் அப்பினேன், சுற்றினேன், கட்டினேன். பேனாவை எடுத்து நாலு குளம்பிலும் கோடு போட்டேன். அண்ணன் வந்து குனிந்து பார்த்தார்.

“சூப்பர்மா. நாளிக்கி கெளம்பிடலாம்ல?”

“தாராளமா கெளம்புங்கண்ணா” என்றேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

தொழிற்சாலையில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். நாலே கால் டீ நேரத்தில்தான் எடுத்துப் பார்க்க முடியும். அன்று எடுத்தால், சவாரிக்காரர்கள் வாட்ஸப் குழுவில் அண்ணன் ஒரு படம் போட்டிருந்தார். செவலை நிழலில் நிற்கிறாள், நாலு கட்டு, நாலு மஞ்சள் கோடு. கீழே ‘நாளைக்கும் ரெடி’ என்று எழுதி நாலைந்து கைதட்டல். நானும் ஒரு கைதட்டல் போடப் போனேன், விரல் நின்றுவிட்டது. படத்தில் அவள் வலது முன்னங்காலைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்திருந்தாள்.

குதிரை பின்னங்காலை மாற்றி மாற்றி ஓய்வாக வைத்துக்கொள்ளும், அது ஒன்றுமில்லை. முன்னங்காலை அப்படி வைக்காது. முன்னங்காலை நீட்டி நின்றால் அதன் மேல் பாரம் போட அதற்கு மனமில்லை என்று பொருள்.

தற்செயலாக நகரும்போது எடுத்த படமாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிறகு, காலையில் அந்தக் கால் எப்படி இருந்தது என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். இடது முன்னங்கால், குளிர்ச்சி, முட்டிக்குக் கீழே ஒரு முள் கீறல். இடது பின்னங்கால், அழுத்தும்போது வாலால் என் காதில் அடித்தாள். வலது பின்னங்கால், சுத்தம். வலது முன்னங்கால் நினைவுக்கு வரவே இல்லை. களிமண் அப்பியது வந்தது, கட்டியது வந்தது, கோடு போட்டது வந்தது. தொட்டுப் பார்த்தது வரவில்லை. வரவில்லை என்றால் தொடவில்லை. டீயைக் குடிக்காமல் கப்பை வைத்துவிட்டேன்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. விடியற்காலையில் எழுந்து நாற்பது கிலோமீட்டர் ஓட்டியவர் தூங்கிக்கொண்டிருப்பார். டாக்டர் எண் என்னிடம் இல்லை. அவர் ஆறு மணிக்கு வருவார், நெஞ்சுத் துடிப்பு பார்ப்பார், நடக்கவைத்துப் பார்ப்பார், கோடு இருக்கிற கட்டை அவிழ்க்க மாட்டார், சரி என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஞாயிறு விடியும் முன் அவள் தார்ச்சாலையில் இருப்பாள். ஷிப்ட் முடிந்து நான் ஊர் போய்ச் சேரும்போது லாயம் பூட்டியிருக்கும், காலையில் நான் எழுவதற்குள் அவர்கள் கிளம்பியிருப்பார்கள். ஆறு மணிக்குள் நான் அங்கே இருக்க வேண்டும், வேறு வழியே இல்லை.

சூப்பர்வைசரிடம் போய் கேட் பாஸ் கேட்டேன்.

“இன்னா விஷயம்?”

“அவசரம் சார். ஒடம்பு சரியில்ல.”

“யாருக்கு?”

பொய் சொல்லலாம்தான். வாயில் வரவில்லை. “குதிரைக்கு” என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஏம்மா, லைன நிறுத்திட்டு குதிரைக்கு காலு அமுக்கப் போறேன்றியா? மேல நான் இன்னான்னு எழுதறது?”

“இன்னா வேணா எழுதுங்க சார். எனக்கு இப்போ போயாவணும்.”

என் முகத்தில் எதைப் பார்த்தாரோ, அதற்குமேல் கிண்டல் செய்யவில்லை. மாற்று ஆள் வந்தால்தான் விடமுடியும் என்றார். அந்த மாற்று ஆள் அடுத்த லைனில் கேன்டீன் போய்த் திரும்பவில்லை. நான் என் இடத்துக்குப் போய் நின்று போல்ட்டுகளைத் திருப்பிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு க்ளிக்குக்கும் ஒருமுறை நிறுத்தி, கோடு போட்டதையே மறுபடி திருப்பிப் பார்த்தேன். பக்கத்தில் நின்றவள், “இன்னா ஆச்சு ஒனக்கு?” என்றாள். அடுத்த போல்ட்டைத் திருப்பினேன். மாற்று ஆள் வந்தபோது ஐந்து மணி.

வெளியே வந்தால் ஜெனரல் ஷிப்ட் விடும் நேரம். ஒரகடம் ஜங்ஷனில் வெள்ளைக் கம்பெனி பஸ்கள் ஒன்றின் பின்னால் ஒன்றாக அசையாமல் நின்றன. அவற்றில் இரண்டு அண்ணனுடையவை. ஷேர் ஆட்டோவில் எட்டு பேரோடு இடுக்கி உட்கார்ந்துகொண்டு, அவருக்கு விடாமல் போன் போட்டேன். ஐந்தரைக்கு எடுத்தார்.

“அண்ணா, செவலைக்கு வலது முன்னங்கால்—”

“அதெல்லாம் நல்லா கீதும்மா. டாக்டர் சீக்கிரமா வண்ட்டாரு, வெள்ளையப் பாத்துகினு கீறாரு. அப்பறம் பேசறேன்” என்று வைத்துவிட்டார். ஆட்டோக்காரரிடம் கெஞ்சினேன். அவர் முன்னால் நின்ற பஸ்ஸைக் கையால் காட்டினார். அங்கேயே இறங்கி, ஜங்ஷனைத் தாண்டும்வரை ஓடினேன். தாண்டிய பிறகு ஒரு பால் வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டு வந்து கோயில் வளைவில் விட்டார். அங்கிருந்து லாயம் வரைக்கும் மறுபடி ஓட்டம். கம்பெனி யூனிபார்மில், அடையாள அட்டை கழுத்தில் ஆடிக்கொண்டிருக்க, பாதுகாப்பு ஷூவோடு ஓடுவது எப்படி என்று அந்த ஷூவைப் போட்டவர்களுக்குத் தெரியும்.

வேலிக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தபோது டாக்டர் செவலையின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணன், “இன்னாம்மா, இந்நேரத்துல?” என்றார். நான் நேராகப் போய்க் குந்தி, வலது முன்னங்கால் கட்டை அவிழ்த்தேன். ஸ்பாஞ்சை எடுக்கும்போதே கைக்குத் தெரிந்துவிட்டது. ஈரமாக இருக்க வேண்டிய களிமண் அந்த இடத்தில் மட்டும் காய்ந்து வெடித்திருந்தது. வழித்துவிட்டுப் புறங்கையை வைத்தேன். கொதித்தது. விரல் வைத்ததும் அவள் காலை உருவிக்கொண்டாள்.

டாக்டர் என்னை நகரச் சொல்லிவிட்டு, காலைத் தூக்கி மடித்துப் பிடித்துக்கொண்டு அழுத்திப் பார்த்தார். நரம்பின் நடுவில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு தடிப்பு. மற்ற முன்னங்காலையும் அவிழ்த்துப் பார்த்தார். அது குளிர்ந்திருந்தது. பிறகு அண்ணனிடம் திரும்பினார்.

“ரெண்டுல ஒண்ணு. கட்டு இறுக்கமா விழுந்து, அதனால இந்த வீக்கம் வந்திருக்கலாம். அப்டின்னா பயமில்ல. அவுத்துட்டு ராத்திரி ஐஸ் வச்சா விடிகாலையில வத்திடும், நடக்க வச்சுப் பாத்துட்டு நிதானமா ஓட்டலாம். இல்ல, கட்டறதுக்கு முன்னாடியே, ஓட்டத்துலயே அடிபட்டிருந்தா, நாளைக்கு நடக்க வைக்கக்கூட கூடாது. ஸ்கேன் எடுக்கணும்.” பிறகு என்னைப் பார்த்தார். “ஏம்மா, கட்டு போடறதுக்கு முன்னாடி நீதான பாத்த? அப்ப இது இருந்துச்சா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். “இருந்தா வுட்ருப்பாளா டாக்டர்? மார்க் போட்டு கீது பாருங்க. அவசரத்துல கட்ட கொஞ்சம் இறுக்கிட்டா போல. இன்னாம்மா?”

அவர் எனக்கு வழி போட்டுக் கொடுத்துவிட்டார். தலையை ஆட்டினால் போதும். கட்டை இறுக்கியது சின்னத் தப்பு, யாருக்கும் வரும், சிரித்துக்கொண்டே மறந்துவிடுவார்கள். நான் கை வைத்தால் வைத்ததுதான் என்ற பேச்சுக்கும் ஒன்றும் ஆகாது. கட்டு கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருந்தது என்றுகூட எனக்கே தோன்ற ஆரம்பித்தது. வெட்கமில்லாமல் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஒரு நிமிடம் தலையாட்டத்தான் இருந்தேன். காட்டிக்கொடுத்த அந்தப் பெண்ணின் முகம் வேறு கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. செவலை அந்தக் காலை மறுபடி முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு, தன் பாட்டுக்குப் புல்லை மென்றுகொண்டிருந்தாள்.

“தெரியாது டாக்டர்” என்றேன். “நான் இந்தக் கால தொட்டுப் பாக்கவே இல்ல.”

“மார்க்?” என்றார் அண்ணன்.

“தொடாமதான் போட்டேன்.”

டாக்டர் உடனே கீழே உட்கார்ந்து, ஐஸ் கேட்டார். இனி ஒருவரும் இவளை நடத்தக்கூடாது என்றார். நான் ஜூஸ் கடைக்கு ஓடி ஐஸ் வாங்கி வந்து, கால் மரத்துப்போகும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் ஸ்கேனில், நரம்பின் நடுவில் கறுப்பாக ஒரு ஓட்டை தெரிந்தது. கட்டின் வேலை இல்லை, தார்ச்சாலையின் வேலை. நல்லவேளை மறுநாள் ஓட்டவில்லை என்றார் டாக்டர். பத்து மாதம் லாயத்தை விட்டு எங்கும் போகாமல், கயிற்றைப் பிடித்து நடத்தி, கொஞ்சம் கொஞ்சமாகத் தேற்றினோம். இப்போது ஓடுகிறாள், நெடுந்தூரம் மட்டும் விடுவதில்லை.

ஆனால் அந்தச் சனிக்கிழமையை நினைத்தால் எனக்கு மனதில் நிற்பது ஸ்கேனோ ஐஸோ இல்லை. டாக்டர் வண்டியை எடுத்துக்கொண்டு போன பிறகு, அண்ணன் என்னைத் திட்டுவார் என்று காத்துக்கொண்டிருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. அவர் திட்டவில்லை. கூட்டாளிகளுக்குப் போன் போட்டு நாளைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு, என் பக்கத்தில் வந்து நின்றார்.

“இதுக்கு மின்னாடி?” என்றார்.

“இன்னாண்ணா?”

“இதுக்கு மின்னாடி எத்தினி காலுக்குத் தொடாம போட்ட?”

மூன்று வருடத்துச் சவாரிகளையும் நினைத்துப் பார்த்தேன். அவசரமாகப் பஸ் பிடித்த நாட்கள், பேசிக்கொண்டே கட்டிய நாட்கள், மழை நாட்கள். ஒன்றுகூடப் போட்டதில்லை என்று சத்தியம் செய்யலாம். செய்திருப்பேன், அன்று காலைவரைக்கும்.

“தெர்லண்ணா.”

அவர் தலையை ஆட்டினார். கோபம்கூட இல்லை அந்த முகத்தில். வெள்ளை கட்டியிருந்த பக்கம் போனார். முட்டி வலிக்காரர், ஒரு கையைத் தரையில் ஊன்றி மெதுவாகக் குந்தினார். நான் கட்டிய கட்டு ஒவ்வொன்றாக, நாலையும் அவிழ்த்து, தானே தொட்டுப் பார்க்க ஆரம்பித்தார்.